நெருப்பில் வளரும் வனம்

பைன் மரம் என்றதும் இமயமலைச் சாரலும் வெண்பனியும் நம் ஞாபகத்துக்கு வருவது இயல்பே. ஆனால் கடலோரச் சமபூமியிலே, கொளுத்தும் வெயிலிலே, பைன் மரங்கள் ஓங்கி நிற்கும் தேசம் ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ்தான் அது. பிரிட்டிஷ் ஹாண்டுராஸ் என்று அந்நியர் இட்ட பெயரை 1973-இல் களைந்தெறிந்து, 1981-இல் சுதந்திரம் அடைந்த சின்னஞ்சிறு நாடு.

அங்குள்ள கடலோரப் புல்வெளிகளில் மேலே மணல், கீழே களிமண். மழைக்காலத்தில் ஜலம் வடியாமல் தேங்கும். கோடையில் பூமி வறண்டு வெடிக்கும். சாரமற்ற இந்த மண்ணில் மற்றப் பெருமரங்கள் தழைப்பது கஷ்டம். கரீபியன் பைனோ சளைக்காமல் நிமிர்ந்து நிற்கிறது.

இம்மரத்துக்கும் அக்கினிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. இடி விழுந்து புல் பற்றிக்கொள்ளும்போது, முதிர்ந்த மரத்தைத் தடித்த பட்டை கவசம்போல் காக்கிறது. புதர்கள் எரிந்து நிலம் வெறுமையாகிறது. அதில் விழும் விதை வெளிச்சம் பெற்று முளைக்கிறது. நெருப்பே இல்லாவிட்டால் புதர் மண்டி இளங்கன்றுகளை மூடிவிடும். ஆகவே அக்கினி இங்கே செவிலித்தாய் எனலாம்.

ஆனால் செவிலியே ஓயாமல் அடித்தால் குழந்தை பிழைக்குமா? இளந்தளிருக்கு மான்கள் வருமென்று வேடர்கள் கோடைதோறும் புல்லைக் கொளுத்துகிறார்கள். பட்டை தடிக்குமுன்பே கன்றுகள் கருகுகின்றன. கிழட்டு மரங்கள் சாய்ந்தபின் அவற்றின் ஸ்தானத்தில் நிற்க வாரிசு இல்லை. காண்டவ வனத்தை அக்கினி உண்டது ஒரே முறை. இங்கோ அவனுக்கு வருஷந்தோறும் விருந்து!

இதனால் முதலில் வீடிழப்பது மஞ்சள் தலைக் கிளி. பைன் மரப் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் இக்கிளி, மனிதர் பேச்சை அழகாகத் திருப்பிச் சொல்லும். அந்தச் சாமர்த்தியமே அதற்குச் சத்துருவாயிற்று. குஞ்சுகளைத் திருடிக் கூண்டில் அடைக்கிறார்கள். உலகிலே அருகிவரும் பறவைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

தெற்கே பெய்ன்ஸ் க்ரீக் தேசியப் பூங்காவில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டிருக்கிறார்கள். நெருப்பை நெருப்பாலேயே அடக்கும் யுக்தி அது. கடுங்கோடை வருமுன், ஈரம் காயாத சமயத்தில், புல்லை அளவோடு தாங்களே எரித்துவிடுகிறார்கள். பின்னர் பெருந்தீ வந்தாலும் அதற்கு இரை கிடைப்பதில்லை, கன்றுகள் தப்புகின்றன.

அந்நியர் போய்விட்டால் மட்டும் போதாது. வனத்தைக் காக்கும் பொறுப்பும் சுதந்திரத்தோடு வந்து சேர்கிறது. நாடு விடுதலை பெற்றபின் கிளிக்கு மட்டும் சிறைவாசம் நீடிக்கலாமா?