காசைக் கொட்டுவதா? காத்திருப்பதா?

பணக்கார பேஸ்பால் அணிகளுக்கு வந்த சோதனை

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ஆட்டத்துக்கு யாராவது டிக்கெட் வாங்குவார்களா?

வாங்குவார்கள். அமெரிக்காவில் சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு 2013-ம் ஆண்டில் 26 லட்சம் டிக்கெட் விற்றது. அந்த ஆண்டு அந்த அணி தோற்ற ஆட்டங்கள் 96! அதற்கு முந்தின ஆண்டு 101.

கை தவறி வந்த தோல்வி அல்ல இது. தெரிந்தே இறங்கிய பள்ளம்.

பேஸ்பாலும் கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டந்தான். ஓர் ஆண்டில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும். கடைசியில் கிடக்கும் அணிக்கு ஓர் ஆறுதல் உண்டு. பள்ளி, கல்லூரிகளில் இருந்து புதிய இளைஞர்களைப் பொறுக்கும்போது, அதற்குத்தான் முன்னுரிமை. (இப்போது அதில் குலுக்கலும் சேர்ந்துவிட்டது.)

2011 அக்டோபரில் கப்ஸ் நிர்வாகத்துக்கு வந்த தியோ எப்ஸ்டீன், பேர் பெற்ற ஆட்டக்காரர்களைப் பிற அணிகளுக்குக் கொடுத்து, இளைஞர்களை வாங்கினார். 101 தோல்விக்குக் கிடைத்த பரிசு கிரிஸ் பிரயன்ட் என்ற வாலிபர்.

சுவரில் எழுதிய பெயர்கள்

2016 நவம்பர் 2. கிளீவ்லாந்து நகரில் கடைசி ஆட்டம். நடுவில் மழை வேறு! 8-7 என்று கப்ஸ் வென்றது. 1908-க்குப் பிறகு, 108 ஆண்டு கழித்து முதல் கோப்பை!

சிகாகோ மைதானத்தின் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீசால் பெயர்களை எழுதினார்கள். வெற்றியைப் பார்க்காமலே செத்துப்போன அப்பா, தாத்தாக்களின் பெயர்களும் அதில் இருந்தன.

"பொறுத்திருங்கள்" என்று சொல்வது நிர்வாகிக்கு எளிது. காத்திருப்பவருக்கு வயது ஏறுகிறதே!

35 கோடி டாலர்!

நியூயார்க் மெட்ஸ் அணியின் முதலாளி ஸ்டீவ் கோஹன் காத்திருக்க விரும்பவில்லை. 2023-ல் ஆட்டக்காரர்களின் சம்பளம் மட்டும் சுமார் 35 கோடி டாலர். வரம்பு மீறிய செலவுக்கு அபராத வரி 10 கோடி டாலருக்கு மேல்.

ஷெர்சர், வெர்லாண்டர் என்ற இரண்டு பந்து வீச்சாளர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் சம்பளம். ஒருவருக்கு வயது 38, இன்னொருவருக்கு 40!

முடிவு? 75 வெற்றி, 87 தோல்வி. ஆண்டு முடியுமுன்பே இருவரையும் வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஷெர்சர் போன டெக்சாஸ் அணி அந்த ஆண்டே கோப்பையை வென்றது. அவருடைய சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்ததோ நியூயார்க்!

அப்படியானால் பணம் செலவழிப்பது தப்பா? இல்லை. சிகாகோவும் 2014 கடைசியில் ஜான் லெஸ்டர் என்ற வீச்சாளருக்கு ஆறு ஆண்டுக்கு 15½ கோடி டாலர் கொடுத்தது. இளைஞர்கள் தேறி வந்த சமயம் பார்த்துக் கொடுத்தது. நியூயார்க் வாங்கியது பழைய புகழை.

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்சைப் பாருங்கள். ஜப்பானிய வீரர் ஓட்டானிக்கு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம். 2024, 2025 இரண்டு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. ஆனால் 2025 கடைசி ஆட்டத்தில் வெற்றி அடி அடித்த வில் ஸ்மித், 2016-ல் அவர்களே பொறுக்கி வளர்த்த பையன்.

கையில் காசுள்ள பெரிய நகரத்து அணி, முழு டிக்கெட் விலையை வாங்கிக்கொண்டு மூன்று வருடம் தோற்பது நியாயமாக எனக்குத் தெரியவில்லை. சின்ன ஊர் அணி செய்தால் மன்னிக்கலாம்.

கப்ஸ் கதை 2016-ல் முடியவில்லை. கோப்பை வாங்கித் தந்த பிரயன்ட், ரிஸோ, பாயஸ் மூவரையும் 2021 ஜூலைக் கடைசியில், இரண்டே நாளில் பிற அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி கோப்பைச் சுற்றுக்குள் நுழைய அந்த அணிக்கு 2025 வரை ஆயிற்று.