குற்றாலத்து வெள்ளமும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலும்

குற்றாலத்துல குளிச்சவங்களுக்குத் தெரியும்: கீழ வெயில் அடிக்கும், மேல மலையில மழை கொட்டும், தண்ணி சட்டுனு நிறம் மாறி இறங்கும். 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றால அருவியில அப்படி வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் உயிரிழந்தான். எக்ஸ்எம்எல் எந்த வெள்ளத்தையும் தடுக்காது. ஆனா எச்சரிக்கைன்னு ஒண்ணு நம்ம போனுக்கு வரணும்னா, அது பெரும்பாலும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலா இருந்துதான் கிளம்புது. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

இந்த ஃபைலுக்கு உலகப் பொது வடிவம் ஒண்ணு இருக்கு: காமன் அலர்டிங் புரோட்டோகால், சுருக்கமா 'கேப்'. 1.2 பதிப்பு 2010-ல வந்தது. நம்ம தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட 'சசேத்' அமைப்பும் இதைத்தான் பயன்படுத்துது.

வெளியில 'அலர்ட்'. அதுக்குள்ள 'இன்ஃபோ': மொழிக்கு ஒண்ணுன்னு பல இருக்கலாம். ஒவ்வொரு இன்ஃபோவுக்குள்ளயும் 'ஏரியா', அதுவும் பல. ஏரியாவுக்குள்ள 'பாலிகன்', 'ஜியோகோட்'. டிபன் கேரியர் மாதிரின்னு சொல்ல வாய் வருது, ஆனா பொருந்தாது. கேரியர்ல அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு. இது பாத்திரக்கடையில ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்டு வெச்சிருக்கிற எவர்சில்வர் தூக்கு.

கோடுலயும் அதே அடுக்கைத்தான் கட்டணும். அலர்ட்னு ஒரு கிளாஸ், அதுக்குள்ள இன்ஃபோக்களோட லிஸ்ட், ஒவ்வொரு இன்ஃபோவுக்குள்ளயும் ஏரியாக்களோட லிஸ்ட். 'லிஸ்ட்'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். பைத்தான்ல எக்ஸ்எம்எல்டுடிக்ட்னு ஒரு லைப்ரரி. ரெண்டு இன்ஃபோ இருந்தா லிஸ்ட் தரும், ஒண்ணே ஒண்ணு இருந்தா லிஸ்ட் இல்லாம நேரா டிக்ஷனரியைத் தந்துடும். நீங்க ரெண்டு மொழி ஃபைலை வெச்சு டெஸ்ட் பண்ணி, எல்லாம் சரின்னு விட்டுடுவீங்க. ஒரு நாள் அவசரமா ஒரே மொழியில அலர்ட் வரும். உங்க லூப், இன்ஃபோவுக்குப் பதிலா அதோட கீகளை ஒவ்வொண்ணா எடுக்கும், எரர் அடிச்சு நிக்கும். 'ஃபோர்ஸ்_லிஸ்ட்' கொடுத்தா எப்பவும் லிஸ்ட்தான் வரும்.

இதைவிட மோசம், எரரே வராத தப்பு. முதல் இன்ஃபோவை மட்டும் எடுத்துக்கிட்டா ஆப் நல்லாத்தான் ஓடும். ரெண்டாவதா இருந்த தமிழ் இன்ஃபோ மட்டும் யாருக்கும் போகாது. அருவிக்கரையில கடை போட்டிருக்கிறவருக்கு இங்கிலீஷ் நோட்டிஃபிகேஷன் போய் என்ன ஆகப்போகுது?

பாலிகன் இன்னொரு வம்பு. அது ஒரே நீளமான டெக்ஸ்ட்டா வரும்; ஒவ்வொரு புள்ளியிலயும் அட்சரேகை முதல்ல, தீர்க்கரேகை அடுத்து. ஜியோஜேசன்ல வரிசை தலைகீழ். தென்காசி ஏறக்குறைய 8.96 வடக்கு, 77.31 கிழக்கு. மாத்திப் போட்டா ஆர்க்டிக் பக்கம், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடல்ல போய் விழும். அங்க சாரல் சீசன் கிடையாது.

'ஸ்டேட்டஸ்'னு ஒரு டேகும் இருக்கு. 'ஆக்சுவல்'னா நிஜம், 'டெஸ்ட்'னா சோதனை. 2023-ல எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சே, ஞாபகம் இருக்கா? அது மாதிரி சோதனைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் சொல்றது இந்த ஒத்தை வார்த்தைதான். இதை ஆப்ஷனல் ஃபீல்டா வெக்காதீங்க. இல்லாட்டி பார்சிங்கே தோத்துப்போகட்டும்.

கடைசியா ஜியோகோட். மாவட்டக் குறியீட்டை வெச்சு யாருக்கு அனுப்பணும்னு முடிவு பண்றவங்க, உங்க பட்டியல் எந்த வருஷத்துதுன்னு பாருங்க. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல்ல அது திருநெல்வேலிக்குள்ள இருக்கும். அந்தப் பட்டியலோட ஓடுற ஆப்ல, தென்காசிக்குன்னு வர்ற எச்சரிக்கை எந்த ஊரோடயும் பொருந்தாம, லாக்ல ஒரு வரியா மட்டும் கிடக்கும்.