எளாவூர் பக்கம் ஒரு "பாலைவனம்"! படகை அழித்தால் படம் அழகா?

எளாவூர் பக்கம் பாலைவனம் உண்டா? உண்டு! கோடையில் மட்டும்.

சூலூர்ப்பேட்டை செல்லும் மின்சார ரெயிலில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் எளாவூர். அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீராச்சே, ஆழமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான்!

அதனால் சித்திரை வெயில் அடித்தால் தண்ணீர் பின்வாங்கிவிடும். ஓரத்துச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். மேலே வெள்ளை வெளேரென்று உப்புப் பூக்கும். மரமில்லை, நிழலில்லை. படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உட்கார்ந்து எடு!

வந்தவுடன் நின்றபடியே "கிளிக்" செய்வதுதான் முதல் தப்பு. இது தட்டைத் தரை. நின்று எடுத்தால் பாதி வானம், பாதி மண் என்று சப்பென்று இருக்கும். தரையோடு உட்கார்ந்தால் காலடி வெடிப்பு பெரிசாகத் தெரியும். அங்கிருந்து கோடுகள் ஓடி அடிவானத்தைத் தொடும். அந்த அடிவானம் ஒரு இம்மி சாய்ந்தாலும் ஏரியே கவிழ்ந்த மாதிரி ஆகிவிடும்.

சூரியன் உதிப்பது ஏரிப் பக்கம். நேரே கிழக்கே எடுத்தால் தரை கறுத்துப்போகும். வடக்கோ தெற்கோ திரும்பி நின்றால் வெயில் பக்கவாட்டில் விழும். ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் இறங்கும். வெயில் ஏறினால் அந்த நிழல் போச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உப்புத் தரை கேமராவையும் ஏமாற்றும். வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் சேறு இருக்கும். கால் வைக்கும்போது ஜாக்கிரதை!

மேகம் வரைந்த கேப்டன்

படத்தைத் திருத்துவது இன்றைய கம்ப்யூட்டர் வேலை அல்ல. ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் காலத்திலேயே பென்சிலால் "டச்சிங்" செய்தவர்கள்தான். அதற்கும் முன்னால், 1858ல் மதுரை, தஞ்சை கோவில்களைப் படம் பிடித்தார் சென்னை ராஜதானியின் அரசு போட்டோகிராபர் கேப்டன் லின்னியஸ் டிரைப். அன்றைய மருந்துக்கு நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அவர் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே வண்ணம் தடவி மேகத்தை உண்டாக்கினார்!

அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1941ல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலாப் படம் உலகப் பிரசித்தம். பிரிண்ட் போடப் போட, வருஷத்துக்கு வருஷம் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார் அவர்.

வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்தலாம். அதில் குற்றமில்லை. ஆனால் இன்று விரலால் தடவினால் பொருளே மறைந்துவிடுகிறதே! தரைதட்டிக் கிடக்கும் படகு, வலை கட்டும் கம்பு, தூரத்துக் கரண்ட் கம்பம் எல்லாம் காணாமல் போகின்றன. போதாக்குறைக்கு, பனிக்காலத்து விருந்தாளியான பூநாரையை வெடித்த சேற்றில் ஒட்டுகிறவர்களும் உண்டு.

யாருடைய ஏரி?

பழவேற்காடு மீனவர்கள் இன்ன கிராமத்துக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று முறை வைத்துத் தொழில் செய்கிறவர்கள். அதற்குப் பெயர் "பாடு". தண்ணீர் வற்றினால் படகு நிற்கும்; படகு நின்றால் அடுப்பு நிற்கும். அந்தப் படகைத் துடைத்துவிட்டுப் படத்துக்குப் "பாலைவனம்" என்று பெயர் வைத்தால், பார்க்கிறவர் என்ன நினைப்பார்? சும்மா கிடக்கிற பொட்டல் என்றுதானே!

படகு நட்டநடுவே நின்று படத்தைக் கெடுக்கிறதா? நாலு அடி தள்ளி நின்றால் அது ஓரத்துக்கு வந்துவிடும். ஏரி எவ்வளவு பெரிசு என்று காட்ட அளவுகோலும் கிடைத்த மாதிரி. கால் எதற்கு இருக்கிறது, சார்?