மறதி நோயும் பணிப்பெண்ணின் மதிப்பெண்ணும்

மறதி நோய் என்றால் ஞாபகம் போவது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் பார்த்த ஆகுஸ்தே என்ற பெண்மணிக்கு முதலில் தலைகாட்டிய குறிகளுள் ஒன்று, கணவர்மேல் சந்தேகம். பொருள் திருடு போனதாகச் சொல்வது, சாயங்காலமானால் நிலைகொள்ளாமல் நடப்பது, கை ஓங்குவது எல்லாம் நோயின் குறிகளே. சம்பளத்துக்கு வந்து பார்த்துக்கொள்பவருக்கு இது தெரியுமா? அதை அளக்க வினாத்தாள்கள் இருக்கின்றன.

2009-இல் அமெரிக்காவில் வெளியான அல்ஸைமர் அறிவு அளவுகோலில் 30 கேள்விகள்; சரி, தவறு என்று குறித்தால் போதும். நான் கடைக்காரன். எண்ணெய் நிறுக்குமுன் பாத்திரத்துக்குத் தடை போடுவோம். ஒன்றுமே தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 30-க்குச் சுமார் 15 வந்துவிடுமே! அந்த 15 பாத்திரத்தின் எடை. அதைக் கழிக்காமல் '20 வாங்கியிருக்கிறார்' என்று மெச்சுவது எப்படி? பின்னாளில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தார் செய்த 25 கேள்வி அளவுகோலில் 'தெரியாது' என்றும் குறிக்கலாம். உறுதியாகச் சொன்ன சரியான விடைக்கு 2, 'ஒருவேளை' என்றால் 1, தவறுக்கும் தெரியாததற்கும் 0. நோயாளியிடம் பேசும் முறை, அவர் நடத்தை பற்றிய கேள்விகளைத் தனியே கூட்டியும் பார்க்கலாம். மொத்த மதிப்பெண்ணைவிட நமக்கு வேண்டியது அந்தக் கூட்டல்தான்.

மும்பையில் எங்கள் அம்மாவுக்காக வந்த பணிப்பெண் பயிற்சிச் சான்றிதழோடு வந்தவர். நல்ல பெண். இரவு எட்டு மணிக்கு அம்மா தட்டைத் தட்டிவிடுவார். 'பிடிவாதம், அடிக்கிறார்' என்று நோட்டில் ஏறும். ஒரு வாரம் அதைப் படித்துவிட்டு டாக்டரிடம் தூக்க மாத்திரை கேட்டவன் நான்தான். அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்தபின் அம்மா சாப்பிட்டதே இல்லை. என் பேர் மறந்துபோனவருக்கு அந்த நியமம் மறக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஊட்டினோம், தட்டு தப்பியது.

இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் இராது. ஆனால் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் வலி, பசி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பயம் என்று ஏதாவது இருக்கும் என்பதைக் கேட்டு அளக்கலாம்.

அந்தப் பெண் ஊருக்குப் போனபின் அடுத்து வந்தவரிடம் நானே கேட்டேன்: "அம்மா அடிக்க வந்தா என்னம்மா செய்வே?"

"தெரியாது பாபுஜி. எங்கயாவது வலிக்குதான்னு பாப்பேன். இவங்க பழக்கம் என்னன்னு உங்களக் கேப்பேன்" என்றார் இந்தியில்.

இப்போது அவர்தான் எங்கள் வீட்டில் இருக்கிறார்.