‘நாம ரெண்டு பேரும் மட்டும் போயிட்டு வருவோமா?’

திருச்சி ஏர்போர்ட்டுக்கு இதுவரை எத்தனை தடவை போயிருப்பீர்கள்? பையனை வழியனுப்ப, மகளைக் கூட்டி வர, பேரன் வர்றான் என்று விடியற்காலையில் போய் நிற்க... எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான்! அந்தப் பக்கம் நாமும் போகலாமே என்று ஒரு நாளாவது தோன்றியதில்லையா?

ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில், ஜீயபுரம், லால்குடி என்று நெல்லும் வாழையும் போட்டே காலத்தை ஓட்டிய தம்பதிகளுக்குத்தான் இந்தக் கட்டுரை. (பிள்ளைகளும் படிக்கலாம். ஆனால், குறுக்கே பேசக் கூடாது!)

‘டீக்கடை வருமானத்தில் உலகம் சுற்றியவர்கள்’ என்று கொச்சி விஜயன் - மோகனா தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தினமும் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் திரும்பியதும் அதை அடைத்து, மறுபடி கிளம்பி... இப்படியே இருபத்தைந்து நாடுகளுக்கு மேல் பார்த்துவிட்டார்கள். கடைசியாக 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று அவர்கள் தள்ளிப் போட்டிருந்தால்?

நெல் போடுகிறவர்களுக்குத் தோதான காலம் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடினால், ஜூன் 12-ல் திறப்பதுதான் வழக்கம். நடுவில் ஒரு பத்து நாள் கிடைக்காதா? வாழைக்காரர்கள் பாடுதான் கஷ்டம். தண்ணி பாய்ச்ச, முட்டுக் கொடுக்க நம்பகமான ஆள் வேண்டும். பசு மாடு வேறு இருந்தால், கறக்க ஓர் ஆள். அதையெல்லாம் நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். எனக்குக் கவலை வேறு விஷயத்தில்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். வீட்டுக்காரர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவரையே கேளுங்கள். “காலையில ஒரு மஞ்சள், ராத்திரி பாதி வெள்ளை. மத்ததெல்லாம் பையனுக்குத்தான் தெரியும்” என்பார். சரி, அம்மாவுக்கு என்ன மாத்திரை என்று கேளுங்கள். முழிப்பார்! நம் வீடுகளில் இதுதான் நடக்கிறது. அப்பாவின் சுகர் அளவு மகளின் செல்போனில் இருக்கிறது. அம்மாவின் ஈ.சி.ஜி. மருமகளின் பீரோவில் இருக்கிறது. கோலாலம்பூர் ஓட்டலில் நடுராத்திரி தலை சுற்றினால், இதில் எது கைக்கு வரும்?

ஆகவே, டிக்கெட்டுக்கு முன்னால் டாக்டர். கிளம்புவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். பிள்ளைகள் வேண்டாம். உங்கள் வியாதி, மாத்திரை, அளவு, ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் போதாது, மருந்தின் பெயரே வேண்டும். நம் ஊர் கம்பெனிப் பெயர் சிங்கப்பூர் மருந்துக் கடைக்காரருக்குப் புரியாமல் போகலாம். அவர் தாள் அவரிடமும் உங்களிடமும், உங்கள் தாள் உங்களிடமும் அவரிடமும் இருக்கட்டும். எழுத்துக் கூட்டியாவது படித்துப் பழகிக் கொள்ளுங்கள்.

மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில்தான். லக்கேஜில் போட்டால் பெட்டி தவறிப் போகலாம். விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டும் போகலாம். சிங்கப்பூர், மலேசியா நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னே. மாத்திரைக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

சுகர்காரர்களுக்கு வெளிநாட்டில் வரும் ஆபத்து இனிப்பால் மட்டும் அல்ல. ஊர் சுற்றும் குஷியில் நடை கூடிவிடும், சாப்பாட்டு நேரம் தள்ளிப் போய்விடும். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். இடுப்பில் கொஞ்சம் கல்கண்டோ, குளுக்கோஸோ இருக்கட்டும்.

அடுத்தது கால். வாழ்நாள் முழுக்க வரப்பில் வெறுங்காலோடு நடந்தவர், பயணத்துக்கென்று புது ஷூ வாங்குவார். முதல் நாளே கொப்புளம்! சுகர் இருந்து கால் மரத்துப் போயிருந்தால் அது தெரியக்கூடத் தெரியாது. ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகுங்கள். பருத்தி சாக்ஸ் நல்லது. ராத்திரி படுக்குமுன் அவர் பாதத்தை நீங்கள் பாருங்கள், உங்கள் பாதத்தை அவர் பார்க்கட்டும். கூச்சமா? கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆச்சுங்க!

மலேசியா போனால் பத்துமலை முருகனைப் பார்க்காமல் வர மாட்டீர்கள். 272 படிகள்! கிளம்புமுன் நம்ம மலைக்கோட்டையில் ஏறிப் பாருங்கள். உச்சிப் பிள்ளையாரைப் பார்ப்பதற்குள் நெஞ்சு இறுக்கினாலோ, வழக்கத்தை மீறி மூச்சு வாங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் இந்தச் சோதனைக்கே டாக்டரைக் கேட்ட பிறகுதான் போக வேண்டும்.

விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. பயப்படாதீர்கள், அப்போதும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். நரம்பு சுருட்டல் இருந்தால் கூடுதல் கவனம். மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், பாதத்தை ஆட்டுங்கள்.

பெண்கள் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. ‘பாத்ரூம் போகணுமே’ என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரையையும் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். இரண்டுமே தப்பு. ஓரத்து சீட் கேட்டு வாங்குங்கள், வேலை முடிந்தது. முட்டி வலிக்காரர்கள் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று சொல்லிவிடுங்கள். பெரிய ஏர்போர்ட்டுகளில் நடந்து மாளாது.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சுகர், பிரஷரை மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். மறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழலாம். சிங்கப்பூர் ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு போகம் நெல் காணாது.

பெட்டியில் வைக்கக் கூடாதவையும் உண்டு. நம் வீட்டுக் கசகசா சிங்கப்பூரிலும் துபாயிலும் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில் கலந்திருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். மெல்லும் புகையிலையும் சிங்கப்பூருக்குக் கொண்டு போக முடியாது. வெற்றிலைப் பையை உதறிவிட்டுக் கிளம்புங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்துகளுக்கு முன்கூட்டியே அனுமதி தேவைப்படலாம், விசாரித்துக் கொள்ளுங்கள்.

திரும்பும்போது விவசாயிக்கே உரிய சபலம் ஒன்று வரும். புது ரக வாழைக்கன்று, விதை! அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் கொண்டு வரச் சட்டம் விடாது. மலேசியாவில் வாழைத் தோட்டங்களை அழித்த ஒரு வகை வாடல் நோய், கன்றிலும் செருப்பில் ஒட்டிய மண்ணிலும்கூடப் பரவும். அங்கே தோட்டத்துக்குள் நடந்திருந்தால் செருப்பை நன்றாகக் கழுவிய பிறகே நம் மண்ணை மிதியுங்கள்.

ஊருக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், ‘அலைச்சல்’ என்று கஷாயம் வைத்துக் காத்திருக்க வேண்டாம். அங்கெல்லாம் டெங்கு உண்டு. டாக்டரிடம் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையா? மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் திருச்சியிலேயே இருக்கிறது. பையனைக் கேட்டுக் கொண்டிராமல் இரண்டு பேருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வாங்களேன்!