எல்லைக்கோடு – 11: ஏழு பேரும் ஒரே கூண்டில்

2011இல் அட்லாண்டா நகரத்து ஐஸ் ஹாக்கி அணியை வாங்கியவர்கள் அதைக் கனடாவின் வின்னிபெக் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் மாறியது, பெயர் ‘ஜெட்ஸ்’ ஆனது, அட்டவணை மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியைத் தொடும் வின்னிபெக், இரண்டு சீசன்கள் ‘தென்கிழக்குப் பிரிவில்’ ஆடியது. கூட இருந்தவர்கள் ஃபுளோரிடாவின் இரண்டு அணிகள், கரோலினா, வாஷிங்டன்.

சரிசெய்ய ஆள் இல்லாமல் இல்லை. 2011 டிசம்பரிலேயே உரிமையாளர்கள் புதிய பிரிவினைக்குக் கைதூக்கிவிட்டார்கள். ஜனவரியில் வீரர்கள் சங்கம் முடியாது என்றது. ஏழு அணிகள் இருக்கும் பிரிவிலும் நான்கு பேர் பிளே ஆஃப் என்ற நாக் அவுட் சுற்றுக்குப் போவார்கள், எட்டு அணிகள் இருக்கும் பிரிவிலும் நான்கு பேர்தான் என்றால் அது என்ன நியாயம் என்று கேட்டது. பயணச் சுமையையும் சொன்னது. ஒருவழியாக 2013இல்தான் கோடு மாறியது.

சென்ற வாரம் வரை அடுத்தவர்கள் போட்ட கோடுகளைப் பார்த்தோம். இந்த வாரம் நாமே போட்டுப் பார்க்கலாம். என்.ஹெச்.எல். என்ற இந்த லீகில் 32 அணிகள். அமெரிக்காவில் 25, கனடாவில் 7. இதை எப்படிப் பிரிப்பது?

வரைபடத்தைப் பார்த்துப் பிரி என்பார்கள். நான் ஏப்ரல் மாதத்தைப் பார்த்துப் பிரி என்பேன். பிளே ஆஃப் அப்போதுதான் தொடங்குகிறது. அதே இரண்டு அணிகளை வருடா வருடம் ஏப்ரலில் மோதவிடாத பிரிவு, பெயருக்குத்தான் பிரிவு. 1974இல் லீகை நான்காக வகுத்து, நாரிஸ், ஆடம்ஸ், பேட்ரிக், ஸ்மைத் என்று பெரியவர்களின் பெயர் வைத்தார்கள். நாரிஸில் மாண்ட்ரியலும் இருந்தது, லாஸ் ஏஞ்சல்ஸும் இருந்தது! ஏழு சீசன் ஒன்றாக இருந்தும் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே பகை என்று சொல்ல ஒன்றும் முளைக்கவில்லை. பிளே ஆஃப் ஜோடிகளைப் பிரிவு தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான்.

1981இல் அது தலைகீழானது. பக்கத்து ஊர்களை ஒரே பிரிவில் போட்டு, முதல் நான்கு பேர் தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஒருவர் மட்டும் வெளியே வரட்டும் என்றார்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டனும் கால்கரியும் ஸ்மைத் பிரிவில் மாட்டிக்கொண்டன. 1983, 84, 86, 88, 91 என்று ஐந்து முறை பிளே ஆஃபில் மோதின. அதில் ஒரே முறைதான் கால்கரி ஜெயித்தது. அந்த ஒன்றைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

1986 ஏப்ரல் 30, ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டம். எட்மன்டன் தொடர்ந்து இரண்டு முறை லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி. நட்சத்திர வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி அங்கேதான் ஆடுகிறார். கடைசிப் பகுதியில் 2–2. எட்மன்டனின் இளம் தடுப்பாட்டக்காரர் ஸ்டீவ் ஸ்மித் தன் கோல் பக்கத்திலிருந்து குறுக்கே ‘பக்’ என்ற ரப்பர் வட்டைத் தள்ளுகிறார். அது சொந்த கோல் கீப்பர் கிரான்ட் ஃபியூரின் காலில் பட்டு வலைக்குள் போகிறது. கால்கரி 3–2. ஸ்மித்துக்கு அன்று 23ஆவது பிறந்தநாள். அடுத்த இரண்டு ஆண்டும் எட்மன்டன் கோப்பையைத் திரும்ப வாங்கிவிட்டது. ஆனாலும் அந்த கோல் அவரை விடவில்லை.

1983 முதல் 1990 வரை மேற்குப் பக்கத்திலிருந்து இறுதிப் போட்டிக்குப் போனது ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டில் ஒன்றுதான். பிறகு 1993–94இல் பிரிவுகளுக்குத் திசைப் பெயர் வைத்து, பிளே ஆஃப் ஜோடிகளைப் பிரிவுக்கு வெளியே கொண்டுபோனார்கள். இரண்டு அணிகளும் பல ஆண்டு சோபிக்கவில்லை என்பதும் உண்மைதான். எப்படியோ, 1991க்குப் பிறகு அவை பிளே ஆஃபில் சந்தித்தது 2022இல்.

1981 ஏற்பாட்டுக்குப் பலியானவர்களும் உண்டு. அதே ஸ்மைத் பிரிவில் இருந்த பழைய வின்னிபெக் ஜெட்ஸ் எட்மன்டனிடம் ஆறு முறை மாட்டி, ஆறு முறையும் தோற்றது. வேறு பிரிவில் பிறந்திருந்தால் ஓரிரு முறையாவது தப்பியிருக்கும். 1996இல் அந்த அணி ஊரைவிட்டே ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டது.

இனி என் கோடு. கனடாவின் ஏழு அணிகளும் ஒரே கூண்டில்: மாண்ட்ரியல், டொரான்டோ, ஒட்டாவா, வின்னிபெக், கால்கரி, எட்மன்டன், வான்கூவர். மீதி 25ஐக் கிழக்குக் கடற்கரைக்கு ஒன்பது, ஏரிகளும் நடுப்பகுதியும் சேர்ந்து எட்டு, டல்லாஸ் தொடங்கி மேற்கே எட்டு என்று பிரித்துவிடலாம். பிளே ஆஃபின் முதல் இரண்டு சுற்றும் பிரிவுக்குள்ளேயே.

இது வெறும் கற்பனையும் இல்லை. கொரோனாவால் எல்லை மூடியிருந்த 2020–21 சீசனில் லீகே இப்படித்தான் ஆடியது. விளைவு, மாண்ட்ரியலும் டொரான்டோவும் 1979க்குப் பிறகு முதல் முறையாக பிளே ஆஃபில் மோதின. லீகின் இரண்டு மூத்த அணிகளை 42 ஆண்டு சந்திக்கவிடாமல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! டொரான்டோ 3–1 என்று முன்னிலையில் இருந்து, அடுத்த மூன்றிலும் தோற்றது. அதில் ஆறாவது ஆட்டத்துக்கு மாண்ட்ரியலில் 2,500 பேரை மட்டும் உள்ளே விட்டார்கள்.

அநியாயம் இல்லையா? உண்டு. 59 புள்ளி எடுத்த மாண்ட்ரியல் பிளே ஆஃபுக்குப் போனது. வேறு பிரிவுகளில் 60 எடுத்த நியூயார்க் ரேஞ்சர்ஸும் டல்லாசும் வீட்டுக்குப் போயின. உள்ளே போன மாண்ட்ரியல் இறுதிப் போட்டி வரை ஏறி, டாம்பா பேயிடம் தோற்றது. எனக்கு இந்த அநியாயம் உறுத்தவில்லை. துல்லியமான நியாயம்தான் வேண்டும் என்றால் 32 பேருக்கும் ஒரே பட்டியல் போதும், பிரிவே வேண்டாம்.

காசுக்காரர்களில் ஒருவருக்கு இந்தத் திட்டம் இனிக்கும். கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் 2014–15 முதல் 12 ஆண்டு ஒளிபரப்புக்கு 520 கோடி கனடிய டாலர் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. இரண்டாவது சீசனிலேயே, 2016இல், ஒரு கனடா அணிகூட பிளே ஆஃபுக்குப் போகவில்லை. 1970க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. என் கூண்டு இருந்தால் கடைசி நால்வரில் ஒருவர் கனடாக்காரர் என்பது எழுதிக்கொடுத்த உத்தரவாதம்.

கசக்கப்போவது எல்லைக்கு அந்தப் பக்கம். டொரான்டோ அணி பஃபலோவுக்கு வந்தால் அதன் ரசிகர்கள் எல்லை தாண்டி வந்து அரங்கத்தை நிரப்புவார்கள். குளிருக்குப் பயந்து ஃபுளோரிடாவில் தங்கும் கனடாக்காரர்களும் அங்கே அதையேதான் செய்கிறார்கள். இப்போது பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு வருகை; என் திட்டத்தில் ஒன்றுதான். டிக்கெட் விற்பவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பாஸ்டனும் மாண்ட்ரியலும் பிளே ஆஃபில் 34 முறை மோதியிருக்கின்றன. வேறு எந்த ஜோடியும் இத்தனை முறை மோதியதில்லை. என் கோடு அதையே அறுத்துப்போடுகிறது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே, வீரர்கள் சங்கம் கேட்ட அந்தக் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து: பாஸ்டனைத் தூக்கிக் கனடா கூண்டில் போட்டுவிடுவது. நான்கு பிரிவுக்கும் எட்டு எட்டு. கடைசி நால்வரில் ஒரு கனடாக்காரர் என்ற உத்தரவாதம் மட்டும் கொஞ்சம் ஆட்டம் காணும். பகைக்கும் பஞ்சமில்லை. 2013, 2018, 2019, 2024 என்று டொரான்டோவைப் பிளே ஆஃபிலிருந்து துரத்தியது பாஸ்டன். 2011 இறுதியில் ஏழாவது ஆட்டத்தில் வான்கூவரை வென்றதும் அதுதான்; அன்றிரவு வான்கூவர் தெருக்களில் கலவரமே வெடித்தது.

பாஸ்டன் மட்டும் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு சீசனும் நான்காயிரம் கிலோமீட்டர் தாண்டி வான்கூவருக்கு இரண்டு மூன்று தடவை பறப்பது அவர்கள்தானே. அந்த அணியின் உரிமையாளர் ஜெரமி ஜேக்கப்ஸ். இப்படிப்பட்ட கோடுகளுக்குக் கைதூக்குகிற லீகின் உரிமையாளர் குழுவுக்கு 2007இல் தலைவரானவரும் அவரே.