செக் வழக்கில் சம்மன் வந்தால் 10 நாள்தான் கெடு

உரக்கடையில் கடனுக்கு யூரியா, பூச்சிமருந்து வாங்கும்போது, 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். அறுவடை முடிந்ததும் பாதிக் கடனைக் கட்டியும் இருப்பீர்கள். ஆனால் கடைக்காரர் முழுத் தொகையை எழுதி வங்கியில் போட, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பிவிடுகிறது. கொஞ்ச நாளில் கோர்ட் சம்மன் வீடு தேடி வருகிறது. அப்போது என்ன செய்வது?

முதலில், வந்திருப்பது எந்த வழக்கு என்று பாருங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் வருவது குற்ற வழக்கு. பணத்தை வசூலிக்கப் போடுவது சிவில் வழக்கு. இரண்டும் தனித்தனி. ஒன்றில் ஆஜராகிவிட்டோம் என்று மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

சிவில் சம்மனில் 'கட்டளை 37' என்று இருந்தால் அது சுருக்கமுறை வழக்கு. இதில் சம்மன் கைக்கு வந்த 10 நாளுக்குள் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கோர்ட்டில் வருகையைப் பதிவு செய்து, உங்கள் முகவரியையும் தர வேண்டும். தவறினால், வாதி சொன்னதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதி தீர்ப்பு வந்துவிடும்.

வருகையைப் பதிவு செய்த பிறகு, வாதி தரப்பில் 'தீர்ப்புக்கான சம்மன்' வரும். அதிலிருந்து 10 நாளுக்குள், எதிர்வழக்காட அனுமதி கேட்டு பிரமாணப் பத்திரத்துடன் மனு போட வேண்டும். இந்த மனுதான் வழக்கின் உயிர்.

'வெற்று செக்தான் கொடுத்தேன்' என்று மட்டும் சொன்னால் போதாது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடன் இருப்பதாகவே சட்டம் அனுமானிக்கும். தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அந்த அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் கூறியுள்ளது. எனவே எந்தத் தேதியில், எவ்வளவு, எப்படிக் கட்டினீர்கள் என்பதை எழுதுங்கள். ரசீது, பாஸ்புக், செல்போனில் பணம் அனுப்பிய பதிவு, கடை பில் ஆகியவற்றை இணையுங்கள். செக் தேதியிலிருந்து 3 ஆண்டு கடந்து போட்ட வழக்கா என்றும் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பகுதி பாக்கி உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டால், அந்தத் தொகையைக் கோர்ட்டில் கட்டினால்தான் வழக்காட அனுமதி கிடைக்கும். மற்ற தொகைக்கும் நீதிபதி நிபந்தனை விதிக்கலாம். கெடு தவறியிருந்தால் தகுந்த காரணத்தைக் காட்டி உடனே மனு போடுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

பாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடுகள், விதைத் தானியம், குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றுக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கு தருகிறது.

வழக்கறிஞருக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

இனி கடனைக் கட்டும்போதெல்லாம் ரசீது வாங்குங்கள். கணக்கு முடிந்த அன்றே செக்கையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.